செட்டு சேர்க்கிறவன்

1969இல் நான் திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செட்டு சேர்க்கிற வேலையில் இருந்தேன். வெட்டி வந்த துணியில் உடல், கை, கழுத்துப்பட்டி மூன்றும் ஒரே ரோலில் வந்தவையா என்று பார்த்துக் கட்ட வேண்டும். ஒரு ரோலின் வெள்ளை இன்னொன்றோடு ஒட்டாது. ஒரு துண்டு குறைந்தாலும் ‘உடைஞ்ச செட்டு’ என்று மூலையில் வீசிவிடுவேன். பதினெட்டு வருடம் இதையே செய்தால் நாக்கும் அப்படித்தான் பேசும்.

அந்தக் காலத்துத் திருப்பூரில் பிழைக்க இந்த ஒரு இங்கிலீஷ் சொல் போதும். தோட்டத்தில் தண்ணீர் இறைப்பது பம்பு செட்டு. கல்யாணத்தில் காதைக் கிழிப்பது மைக் செட்டு. சலூனில் செய்தி சொல்வது ரேடியோ செட்டு. சேர்ந்து சீட்டாடிவிட்டு வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் எங்க செட்டு.

என் மனைவி கருப்பாத்தாளுக்கு ஈறு வீங்கி வீங்கி மேல்வரிசைப் பல் ஒவ்வொன்றாக விழுந்தது. முன்பல் இரண்டும் விழுந்த வாரம் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ரசம் ஊற்றக் குனிந்தபோது நான்தான் சொன்னேன்: “பாருங்க, எங்க ஊட்டுலயும் ஒரு செட்டு ஒடைஞ்சு போச்சு.” பந்தியே சிரித்தது, நானும் சிரித்தேன். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தக் கை அதன் பிறகு வாயை விட்டு இறங்கவே இல்லை.

எங்கள் மகள் வள்ளியாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னால நான் வர மாட்டனுங்க” என்று கருப்பாத்தாள் சொல்லிவிட்டாள். ஒரே மகள். பெற்றவள் இல்லாமல் கல்யாணமா?

கோயமுத்தூர்ச் சீனாக்காரப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பல் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று லீவு கேட்டேன். கம்பெனி டைப்பிஸ்ட் தண்டாயுதபாணி சிரித்தான். “அதுவும் செட்டுதானுங்கண்ணா, பல் செட்டு! அகராதியில இந்தச் சின்ன வார்த்தை பக்கம் பக்கமாப் போகுதுங்க. வேரே ரெண்டுங்க. ஒண்ணு, ஒரு பொருள உக்கார வெக்கறது. இன்னொண்ணு, ஒருத்தர் பின்னாலயே போற கூட்டம். வெவ்வேற எடத்துல பொறந்து, ஒரே வார்த்தையா வந்து நிக்குதுங்க.”

“பல்லு இதுல எந்த வேருடா? லீவு சீட்ட அடி” என்று எரிந்து விழுந்தேன்.

பல் வந்தது. டாக்டர் வாயில் உட்கார வைத்தார், உட்கார்ந்தது. ஆனால் கை மட்டும் வாயிலேயே இருந்தது. புண்ணாக இருக்கும், ஆறிவிடும் என்று நினைத்தேன். மடையன்.

கல்யாணத்தன்று காலையில், சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் பந்தலில் இருந்து குரல் கொடுத்தார்: “பொண்ணப் பெத்தவங்க ரெண்டு பேரும் வாங்க, தாரை வாக்கோணும்!” நான் மட்டும் நின்றேன். ஓடிப்போய்ப் பார்த்தால், சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தாள். பல் செட்டு பக்கத்தில் டம்ளர் தண்ணீரில் கிடந்தது.

“உங்க தம்பியும் அவிய ஊட்டுக்காரியும் வாக்கட்டுங்க. எனக்கு ஒடம்பு சரியில்லீன்னு சொல்லிருங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அதான் பல்லு வாங்கிக் குடுத்தாச்சல்ல! இன்னும் என்ன புள்ள கொறை?”

இலை நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். “பல்லு உளுந்ததுக்கு நான் ஒருநாளும் அழுவுலீங்க. அத்தன பேரு முன்னால நீங்க சிரிச்சீங்கல்ல, அதுக்குத்தானுங்க.”

வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதம் இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல், கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். பட்டு வேட்டியோடு தரையில் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

“தப்பு எம்மேலதான் புள்ள. அன்னிக்கு அப்படிப் பேசுன இந்த வாயி புழுத்துப் போ...”

சட்டென்று அவள் கை வந்து என் வாயைப் பொத்தியது. “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க இது!”

இவ்வளவு நாள் அவள் வாயை மறைத்திருந்த கை என் வாய்மேல் இருந்தது. அவள் முகம் முழுதும் எனக்குத் தெரிந்தது. உள்ளே ஒடுங்கிய உதடு, ஈறு, எல்லாம். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது அந்த முகம்.

“எந்திரிங்க, புள்ள காத்துக்கிட்டிருக்கா” என்று என்னைத் தூக்கிவிட்டாள். பல்லை அவள் எடுக்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அத்தனை சம்பந்தி வீட்டார் முன்னால் வள்ளியாத்தாளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டே அவள் நீர் வார்த்தாள். நான் விம்மி அழுததைப் பார்த்து, பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று அருமைக்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார்.