வெள்ளை ஆண்

ஜப்பானின் ஒக்கயாமாவில் வகானா வளர்க்கும் மெடாக்கா என்னும் சின்னஞ்சிறு மீன்களில் ஆண் சிவப்பு, பெண் வெள்ளை. சிவப்பு நிறம் ஆண் குரோமோசோமோடு ஒட்டியே வரும். ஆனால் கடும் வெயில் நாட்களில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளில் ஒரு வெள்ளை மீனுக்கு ஆண் துடுப்பு முளைத்திருந்தது.

"வேற மீன் கலந்திருச்சு, தூக்கிப் போடு," என்றான் கணவன் மினோரு.

"போய்யா! பொண்ணா வரவேண்டியது, முட்டையில சூடு பட்டு ஆணாயிருச்சு. இதுகிட்ட ஆண் குரோமோசோமே இல்ல, இதுக்குப் பொறக்கிறதெல்லாம் பொண்ணுதான், பாரு."

வகானா அதை ஒரு வெள்ளைப் பெண்மீனோடு விட்டு, முட்டைகளை நிழலில் குளிர்ச்சியாக வைத்தாள். குஞ்சுகள் வளர்ந்ததும் மினோரு ஒவ்வொன்றின் துடுப்பையும் பார்த்தான். ஓர் ஆண்கூட இல்லை.

"இத அப்பன்னு சொல்றதா, அம்மான்னு சொல்றதா?"

"அப்பன்தான்யா. ஆம்பளப் பிள்ளை மட்டும் அதால குடுக்க முடியாது," என்று சிரித்தாள் வகானா.