பின்னோக்கி ஒரு பர்லாங்

அந்த வார இறுதியில் நடந்தது எல்லாம் சரியாக நினைவில் இருக்கிறதா என்று கேட்டால், சந்தேகம்தான். யானை முப்பது அடி தூரத்தில் நின்றது என்பார் ஒருவர், அறுபது இருக்கும் என்பார் இன்னொருவர். மழை தூறியதா என்பதில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. ஜீப்புக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது அவன் தொழில். பேச்சு குறைவு. அவன் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அதுவும் நடுவில் ரப்பர் மடிப்பு வைத்த, இரட்டைப் பெட்டிப் பேருந்து. ஊரே அறிந்த இந்தச் சங்கதி, வெளியூரில் இருக்கும் அவனுடைய அண்ணனுக்கு மட்டும் தெரியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம் அண்ணன் போனில், "என்ன வேலைடா?" என்று கேட்டபோது, "போக்குவரத்து ஆபீஸ்ல" என்று வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவியின் காதில் விழுந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷமாகக் கேட்கவில்லை. அவள் கேட்காதது அவனுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஒவ்வொரு போனிலும் அதைத் தள்ளிப்போட்டான்.

அண்ணன் புது ஜீப் வாங்கினார். பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கோத்து, கூடாரம், அடுப்பு, சின்னப் படகு என்று ஏற்றி, அண்ணி, தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள் என்று இரண்டு வீட்டாரையும் காட்டுக்குக் கிளப்பினார். சனிக்கிழமை ஆற்றில் துடுப்புப் போட்டார்கள். நீர்நாய்கள் மீனுக்குச் சண்டை போடுவதைப் பாறை மேல் படுத்தபடி வெகுநேரம் பார்த்தார்கள். சாயங்காலம் கூடாரம் அண்ணன் மேலேயே சரிந்தது.

"எப்படி மடக்கிறதுன்னு காட்டினேன்," என்றார், துணிக்கு உள்ளேயிருந்து.

"காட்டினது போதும், வெளிய வாங்க," என்றார் அண்ணி.

ஞாயிறு காலை திரும்பும்போது ஒரு வளைவில் யானை நின்றது. அதன் காலுக்குப் பின்னால் குட்டி. பாதையின் இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் சரிவு. திருப்ப இடமில்லை.

"ஹாரன் அடிக்கட்டுமா?" என்றார் அண்ணன்.

"வேண்டாம் மாமா," என்றாள் தம்பி மனைவி, பின்னிருக்கையிலிருந்து.

அண்ணன் ரிவர்ஸ் கியர் போட்டார். ட்ரெய்லர் கோத்த இடத்தில் மடங்கி, சரிவுப் பக்கம் திரும்பியது. முன்னால் எடுத்து மறுபடி முயன்றார். மறுபடி மடங்கியது. யானை காதை விரித்து ஓர் அடி எடுத்து வைத்தது.

"நகருங்க மாமா. நான் எடுக்கறேன்."

"நீயாம்மா? இது என்ன ஆபீஸ் நாற்காலியா, சுத்திவிட?"

யாரும் சிரிக்கவில்லை. மகள் அப்பாவைப் பார்த்தாள். மனைவி பார்க்கவில்லை. அவன் முன்னால் இருந்த யானையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, அவ ஆபீஸ்ல இல்ல. பஸ் ஓட்டறா. ரெண்டு பெட்டி பஸ். தினம் நூறு பேருக்கு மேல ஏத்திக்கிட்டு, மார்க்கெட் சந்துல திருப்பறா. வெக்கப்பட்டு நான்தான் பொய் சொன்னேன். எந்திரிங்க."

இறங்க முடியாது. அண்ணன் கியரைத் தாண்டி நகர்ந்து, பக்கத்து இருக்கையில் இருந்த தம்பியின் மடியில் வந்து உட்கார்ந்தார். அவள் இருக்கை மேல் ஏறி முன்னால் வந்தாள். கண்ணாடிகளைத் திருத்தினாள். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் ஒரு கையை வைத்தாள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, அந்தப் பக்கம் கை நகர்ந்தது, விரற்கடை அளவு. அவ்வளவுதான். ஜீப் ஊர்ந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒரு பர்லாங் தூரம், இரண்டு வளைவு. அண்ணனின் தோளுக்கு மேலாக அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ காலையில் சீருடையில் பார்த்த முகம், வேலை செய்யும்போது இப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நெஞ்சு விம்மியது. இது என் மனைவி என்று காட்டிலுள்ள மரத்துக்கெல்லாம் சொல்லவேண்டும் போலிருந்தது.

வெட்டவெளி வந்ததும் நிறுத்தினாள். யானையும் குட்டியும் வளைவு தாண்டி மெல்ல வந்து, பாறை முடிந்த இடத்தில் புதருக்குள் போயின.



"டேய், கால் மரத்துப்போச்சாடா?" என்றார் அண்ணன், மடியிலிருந்தபடி.

"நீங்க ஏறினப்பவே மரத்துடுச்சு."

அண்ணி கையை நீட்டி அவள் தோளைத் தொட்டார். "இத்தனை நாள் சொல்லவே இல்லையே நீ."

"அவர் சொல்லட்டும்னு இருந்தேன்க்கா. அவருக்கு ஒரு யானை வேண்டியிருந்தது."

மீதி வழி முழுக்க அவளே ஓட்டினாள். அண்ணன் பின்னிருக்கையில் உட்கார்ந்து, அந்தக் கையை எப்படி வைப்பது என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டார்.

அண்ணன் பிறகு ட்ரெய்லரை விற்றுவிட்டார். அண்ணி லைசென்ஸ் எடுத்தார், இரண்டாவது முயற்சியில். மகள் வெளியூரில் படிக்கிறாள். மனைவி டிப்போவில் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவன் அதே கடையில் லென்ஸ் தேய்க்கிறான்.