வால் வெட்டாத புரதம்

எட்டு மாதமாக என் நாத்தனாரும் நானும் பேசுவதில்லை. ஒரே ஆய்வுக்கூடம், அடுத்தடுத்த அறை, நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. என் கணவரின் நரம்புகளைக் கெடுக்கிற புரதத்தை அவள் தயாரித்துக் குப்பியில் அனுப்புவாள். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை நான் வடிவமைப்பேன். அது மருந்தானால் அவர் பிழைப்பார். இல்லையென்றால் மூன்று வருடம் என்று கெடு வைத்திருந்தார் மருத்துவர்.

நோய் தெரிந்த அன்று, "நீங்க வந்த நேரம்தான் எங்க அண்ணனுக்கு இப்படி ஆச்சு" என்றாள். புரதத்தை மைக்ரோகிராமில் அளக்கிறவள் வாயில் வருகிற பேச்சா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமே என்கிட்ட பேசாதே. எதுவா இருந்தாலும் சீட்டுல எழுது" என்றேன்.

எழுதினாள் மகாராணி. 'குப்பியைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கு மூடவும் தெரிய வேண்டும்.' இப்படியே மூன்று. நான்காவதிலிருந்து படிக்காமலே கிழித்துப் போட்டேன்.

இன்று என் ஆன்டிபாடியை முதன்முறையாக நோயாளிகளின் திசுவில் விட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒட்டவில்லை. அவள் குப்பிப் புரதத்தில் மட்டும் உடும்புப்பிடி. கதவை உதைக்காத குறையாகத் திறந்தேன்.

"என்னத்தடி அனுப்புன?"

"வாலோடதான் அனுப்பினேன். வெட்டினா புரதமே சிதையுது. முதல் மாசமே எழுதி ஒட்டினேனே!"

கலவையிலிருந்து புரதத்தைப் பிடித்து இழுக்க ஒரு சின்ன வால் சேர்ப்போம்; இழுத்தபின் வெட்டிவிடுவோம். நோயாளி உடம்பில் இருக்கும் புரதத்துக்கு அந்த வால் கிடையாது. எட்டு மாதமாக என் ஆன்டிபாடி பிடித்தது வாலை.

"வாயத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"பேசாதேன்னது யாரு? படிக்காம கிழிச்சது யாரு?"

"நான் கிழிக்கிறத கண்ணாடி வழியா பார்த்துட்டுத்தானே இருந்த!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்திருக்கிறாள். அறையலாம் போல இருந்தது; அவளையா, என்னையா என்றுதான் தெரியவில்லை.

கையிலிருந்த என் போன் அடித்தது. அவர்தான். இன்று முடிவு தெரியும் என்று காலையிலேயே சொல்லித் தொலைத்திருந்தேன்.

"எடுங்க. உங்க புருஷன்தானே, நீங்களே சொல்லுங்க."

"உன் அண்ணன்தானே, நீ சொல்லு."

போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரை அழுத்தி, மேஜைமேல் வைத்தாள். "அண்ணா, அண்ணி ஒண்ணு சொல்லணுமாம்."

"நான் இல்லைங்க, உங்க தங்கச்சிதான்..."

 அந்தப் பக்கம் அவர் சிரித்தார். நாங்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டே மாதங்கள் ஆகியிருந்தன.

"அட, ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னு பேசுறீங்களா! அப்போ மருந்து கிடைச்சிடுச்சுன்னு சொல்லுங்க!"