சாவு ரொட்டி

கோவேறு கழுதையின் முதுகிலிருந்து கயிற்றை அவிழ்த்து, பிணத்தை என் முற்றத்தில் உருட்டிவிட்டு, "உன் புருஷன்" என்றான் ப்ரூவிட். என் புருஷன் எலிசேயோ அப்போது பத்தடி தள்ளி, ரொட்டி அடுப்புக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் தெருவுக்கே பண்டிகை ரொட்டி சுடுகிற பெரிய மண் அடுப்பு அது. குளம்புச் சத்தம் கேட்டதும் ஓட வழியில்லாமல் அதற்குள் நுழைந்துவிட்டான். அடுப்பின் வாயைப் பலகையால் மூடியது நான்தான்.

எலிசேயோவின் தலைக்கு ரயில் கம்பெனிக்காரர்கள் ஐநூறு டாலர் விலை வைத்திருந்தார்கள். எங்கள் ஆடுகளைச் சுட்ட கம்பெனிக் காவலாளியை இவன் சுட்டுக் கொன்றுவிட்டான். உயிரோடு கொடுத்தாலும் பிணமாகக் கொடுத்தாலும் ஒரே விலைதான். மூன்று மாதமாக இரண்டு பேர் அவனைத் தேடி அலைந்தார்கள். ஒருவன் இந்த ப்ரூவிட், தெக்ஸாஸ்காரன். மற்றவன் லுஹான், எங்கள் ஆள், ஆற்றுக்கு அக்கரைக்காரன். இருவரில் எனக்கு அதிகம் பயம் லுஹானிடம்தான். நாங்கள் எப்படி அழுவோம், எப்படிப் பொய் சொல்வோம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

தேடி அலுத்துப்போன ப்ரூவிட், வழியில் அகப்பட்ட எவனையோ முகத்திலேயே சுட்டுக் கொண்டுவந்திருந்தான். நான் ஆமென்று சொன்னால் போதும், பணம் அவனுக்கு. சாட்சிக்கு ஊர்த் தலைவர் தெலெஸ்ஃபோரோவையும் கூட்டி வந்திருந்தான்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. எலிசேயோதானா?" என்றார் தலைவர், தன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

முகமென்று பார்க்க ஒன்றுமில்லை. காலைப் பார்த்தேன். நீலக் கம்பளிக் காலுறை. குதிகாலில் சிவப்பு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. யாரோ ஒருத்தி விளக்கருகே உட்கார்ந்து தைத்திருக்கிறாள். இன்றைக்கும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஆமா" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு எத்தனை பெரிய துரோகம் செய்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். இனி எலிசேயோவை யாரும் தேடமாட்டார்கள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அப்போது என் வீட்டுக்குள்ளிருந்து லுஹான் வெளியே வந்தான். பின்பக்கமாகப் புகுந்து கட்டிலடி, பரண், மாவுப் பெட்டி எல்லாம் கிளறிவிட்டு வருகிறான். சட்டையெல்லாம் மாவு.

"மூணு மாசமா அவன் காலடிய மோந்துக்கிட்டுத் திரியிறேன். இவ்வளவு பெரிய பாதமா அவனுக்கு? யாரு பெத்த பிள்ளையோ பாவம்" என்றான்.

ப்ரூவிட்டின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. "பொண்டாட்டியே சொல்லியாச்சு. கெளம்பு."

"கெளம்புறேன், கெளம்புறேன். சாவு வீட்டுக்கு வந்துட்டு ரொட்டி திங்காமப் போனா மரியாதையா இருக்காதே?"

பிணம் வந்த செய்தி அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது. தெருமுனையில் நியேவெஸ் சித்தி மாவுத் தொட்டியைச் சுமந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் இரண்டு பெண்கள் விறகோடு. எங்கள் ஊரில் செத்தவன் வீட்டு அடுப்பில்தான் சாவு ரொட்டி சுடவேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். ஆமென்று சொல்லும்போது அது என் புத்தியில் ஏறவே இல்லை.

"சித்தி, இன்னிக்கு உங்க வீட்டு அடுப்புல சுட்டுக்கலாமே."

"என்னடி பேச்சு இது? இவன் ரொட்டிய என் வீட்டுல சுட்டா ஊரு காறித் துப்பாதா? நீ போய் அவன் தலமாட்டுல உக்காரு."

சித்திக்குப் பாதிக் கண் அவிந்துவிட்டது. கையால் தடவிப் பலகையை எடுத்தாள். வெளியே உச்சி வெயில், உள்ளே கும்மிருட்டு. ஒரு விறகை எடுத்து உள்ளே எறிந்தாள்.

விழுகிற சத்தம் கேட்கவில்லை.

இன்னொன்று. அதுவும் விழவில்லை. என் முட்டாள் புருஷன், சத்தம் வந்தால் மாட்டிக்கொள்வோமென்று ஒவ்வொன்றையும் கையில் ஏந்திக்கொண்டிருக்கிறான்!

நான் தலையிலடித்துக்கொண்டு ஓலமிட்டேன். அந்த நிசப்தத்தை எதைக் கொண்டாவது மூடவேண்டியிருந்தது. மூன்றாவது விறகை ஓங்கிய சித்தியின் கை அப்படியே நின்றது. கண் மங்கியவளுக்குக் காதுதானே எல்லாம். என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, விறகை மடியில் போட்டுக்கொண்டு, என்னைவிட உரக்க, "எலிசேயோ! என் ராசா! எங்களை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று மாரில் அறைந்துகொண்டாள். மற்ற இருவரும் சேர்ந்து அழுதார்கள். தலைவர் தொப்பியைக் கழற்றினார்.

லுஹான் மட்டும் அடுப்புப் பக்கம் காதைச் சாய்த்தபடி நின்றான். அடுப்பின் வாயை அவன் எட்டிப் பார்க்கவில்லை. ப்ரூவிட்டின் துப்பாக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பூட்ஸில் ஒரு தீக்குச்சியை உரசி, அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு வந்து என் விரல்களுக்கிடையே வைத்தான்.

"நீயே பத்த வை, தாயி. உன் வீட்டு அடுப்பு."

ஓலம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. குச்சி மட்டும் கறுத்துக் கறுத்து என் விரலை நோக்கி வந்துகொண்டிருந்தது.