ஒரு கோப்பை சோறு

அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதியது என் கொழுப்பு. வேறு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

கம்சாயினியும் நானும் வெளிநாட்டில், பக்குரங்கா என்கிற ஊரில், ஒரே பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவள் நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பாள். நான் முடிவுகளைக் கணினியில் ஏற்றுவேன். காலையில் ஹில்ஸ்பரோவிலிருந்து கிளம்பி, மவுண்ட் ரோஸ்கில்லில் அவளை ஏற்றிக்கொண்டு போவேன். அவள் யாழ்ப்பாணம், நான் மதுரை. வழியெல்லாம் தமிழ்ச் சண்டைதான்.

"உங்கட தமிழில பாதி இங்கிலீஷ், ரத்னா அக்கா. ஸ்டார்ட் பண்ணி, கட் பண்ணி, பார்க் பண்ணி…" என்று என்னை ஓட்டுவாள். சிரிப்பேன். ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும்.

வருகிற அக்டோபரில் அவளுக்கு நாற்பது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. கருத்தரிப்பு மருத்துவமனையில் அவளுக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். ஆகஸ்ட் பதினான்கு அன்று எடை எண்பத்திரண்டு கிலோவுக்குள் இருந்தால் அரசாங்கச் செலவில் சிகிச்சை பெறுகிறவர்களின் பட்டியலில் பெயர் ஏறும். நாற்பது தாண்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். மே மாதத்தில் அவள் எடை எண்பத்தெட்டு.

"இந்த ஆப்பைப் போடு. நான் ஆறு கிலோ குறைச்சேன்ல?" என்று நான்தான் அவள் போனில் இறக்கிக் கொடுத்தேன். சாப்பிடுவதையெல்லாம் அதில் எழுத வேண்டும். அது கலோரியைக் கூட்டிச் சொல்லும். அதில் சிக்கன் பை இருந்தது, பாவ்லோவா கேக் இருந்தது; நம் சாப்பாடு ஒன்றும் சரியாக இல்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே ஒரு பட்டியல் தயாரித்து அவளுக்கு அனுப்பினேன். ஓர் ஆங்கிலச் சொல் இல்லாமல், சுத்தத் தமிழில். சோறு ஒரு கோப்பை, இருநூறு. பருப்பு ஒரு கரண்டி, எண்பது. பார்த்துவிட்டு, "ஐயோ, அக்கா திருந்தீட்டா!" என்று குரல் பதிவு அனுப்பினாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டாம்.

தினமும் சாயங்காலம் கணக்கை முடித்ததும் ஆப் ஒரு வரி சொல்லும்: எல்லா நாளும் இன்றைப் போலவே இருந்தால், ஐந்து வாரத்தில் உங்கள் எடை இவ்வளவு. அதை ஜாதகப் பலன் மாதிரி அவள் காரில் எனக்குப் படித்துக் காட்டுவாள். முதல் மூன்று வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது. காரிலேயே பிள்ளைக்குப் பெயரெல்லாம் பார்த்தோம். பிறகு எண்பத்தாறில் தராசு நின்றுவிட்டது. ஆப் மட்டும் அலுக்காமல், ஐந்து வாரத்தில் எண்பத்து மூன்று, ஐந்து வாரத்தில் எண்பத்து மூன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று, அந்த ஐந்து வாரம் மட்டும் வந்து சேரவில்லை.

"உடம்புல நீர் ஏறியிருக்கும், கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றேன் முதலில். ஜூலைக் கடைசியில் பொறுமை போய், "கம்சா, உண்மையைச் சொல்லு. எழுதாம ஏதாவது சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கீதனும் அதைத்தான் கேட்டவர்" என்று தன் கணவரைச் சொன்னாள்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, சனிக்கிழமை, அவள் வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு. கீதன் அடுப்படியில் கத்தரிக்காய்க் கறியோடு நின்றார்.

"கம்சா, அக்காவுக்கு ஒரு கோப்பை எடும்" என்றார்.

அவள் அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். வட்டமான, அகலமான, சாப்பிடுகிற தட்டு.

"இதையா கோப்பைன்னு சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"ஓம். வேற என்னெண்டு சொல்லுறது?" என்று சிரித்தாள் கம்சாயினி. தனக்கும் ஒரு தட்டில் சோற்றைப் பரப்பினாள். ஒரே தட்டுதான், இரண்டாம் முறை போட்டுக்கொள்ளவில்லை. போனை எடுத்து, பயபக்தியோடு எழுதினாள்: சோறு, ஒரு கோப்பை, இருநூறு. அந்தத் தட்டில் என் கோப்பையால் மூன்று கோப்பைச் சோறு இருந்தது. மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று. மூன்று மாதம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆறு நாளில் நான்கு கிலோ எப்படியும் இறங்காது, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினான்காம் தேதி நான்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கீதனுக்கு லீவு கிடைக்கவில்லை. எண்பத்தைந்து புள்ளி ஏழு. நர்ஸ் அன்பாகத்தான் பேசினாராம். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னாராம். மூன்று மாதம் கழித்து அவளுக்கு நாற்பது முடிந்திருக்கும்.

காரில் ஏறியவள் பெல்ட்டைக்கூடப் போடவில்லை. அழவுமில்லை. மடியில் கிடந்த போனையே பார்த்தபடி, "அக்கா, நான் ஒண்டும் மறைக்கேல்ல" என்றாள். "எல்லாம் எழுதினனான். எனக்குத் தெரியாம நித்திரையில எழும்பிச் சாப்பிடுறனோ தெரியேல்ல. அப்பிடி ஒரு நோய் இருக்காம், இன்டர்நெட்டில வாசிச்சனான்."

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சொன்னேன். எங்கள் ஊரில் கோப்பை என்றால் கப், நீங்கள் கோப்பை என்கிறதை நாங்கள் தட்டு என்போம், அந்த இருநூறு ஒரு கப்புக்கு என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவள் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. "அப்ப நான் களவாச் சாப்பிடேல்ல!" என்றாள். உடனே கீதனைப் போனில் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, நான் பொய் சொல்லேல்லையப்பா. கணக்குத்தான் பிழை. நான் இல்லை" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள். எடை என்னவென்று அவர் கேட்டிருக்க வேண்டும். "அது சரிவரேல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும், அக்கா?"

"போன சனிக்கிழமை. உங்க வீட்டுல சாப்பிட்டப்ப."

விரல் விட்டு எண்ணினாள்.

"ஆறு நாள்" என்றாள். கோபமே இல்லாத குரல். "அந்த ஆறு இரவும் கீதனிட்டச் சொல்லி அறைக் கதவை வெளியால பூட்ட வைச்சிட்டுத்தான் படுத்தனான், அக்கா."