டெம்பே போதும் என்றவர்

தையல்காரியின் கணவர் தங்கமான மனிதர்தான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வாயில்லா ஜீவனிடமிருந்து பிடுங்கித் தின்ன மாட்டேன் என்று பால், தயிர், முட்டை, தேன்வரைக்கும் விட்டுப் பல வருஷம் ஆயிற்று. வீகன். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேகவைத்த சோயாவில் பூஞ்சை பிடிக்கவைத்து, வெள்ளைக் கட்டியாக்கி, டெம்பே என்று அவரே பொரித்தும் தருவார். ருசியாகத்தான் இருக்கும்.

அந்த டெம்பேயை நம்பி, வீகன்கள் கட்டாயம் போடவேண்டிய பி12 சத்து மாத்திரையை நிறுத்தினாரே, அங்கேதான் சனி பிடித்தது.

"புளிக்கவச்ச சோயாவுலயே அந்தச் சத்து இருக்கு. மாத்திரை எதுக்கு?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தம்பி, டெம்பே நல்லா சாப்பிடு, யாரு வேண்டாங்கிறா? பி12-க்கு மட்டும் அதை நம்பாதே. நரம்பு போயிடும்டா!"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். முதலில் சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறியது. பிறகு கால் மரத்தது. உட்கார்ந்தே ஓட்டுகிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்றார்.

இன்று காலை அவர் வெறுங்காலோடு கூடத்தைக் கடந்தார். பின்னாலேயே சொட்டுச் சொட்டாக ரத்தம். தையல்காரி பதறிப்போய் அவர் காலைத் தூக்கிப் பார்த்தால், அவளுடைய குண்டூசி கொண்டைவரை இறங்கியிருந்தது.

"இது எப்பக் குத்துச்சு?" என்று அவளையே கேட்டார்.

அவள் ஊசியைப் பிடுங்கினாள். "ஏங்க, இன்னிக்கு வண்டி எடுக்காதீங்க. பிள்ளைங்க ஏறுற வண்டிங்க."

"ஊசி குத்தினதுக்கெல்லாம் லீவா? நல்ல ஆளு நீ!"

சிரித்துக்கொண்டே போய் இன்ஜினைப் போட்டார். வேனுக்குள்ளே பையை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் மகள் உட்கார்ந்திருந்தாள். பாழாய்ப்போன பிடிவாதம்! தையல்காரி ஓடிப்போய் இரும்பு கேட்டைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

வேன் மெல்ல நகர்ந்து வந்தது.

"நிறுத்துங்க!"

நிற்கவில்லை. பம்பர் அவள் முட்டியைத் தொட்டது.

"அப்பா!" என்று மகள் அலறினாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது.

"பிரேக்கைத்தானே மிதிச்சுக்கிட்டிருக்கேன்!" என்றார்.

வேன் நகர்ந்துகொண்டேயிருந்தது.