பச்சை ரேக்கில் ஒரு ரேவதி

1

இந்தக் கதை ஒரு ரஸ்க் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பிறந்தது. வேறு எங்காவது பிறந்திருக்கலாம். நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து வளர்ந்தவள். கதை என்றாலே ரயில் நிலையமும் நீண்ட மேலங்கியும்தான் எனக்குத் தோன்றும். முதல் வரைவை இப்படித் தொடங்கினேன்:

பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அந்தச் சிறிய நகரத்தின் ஒரே மளிகைக் கடைக்கு

(நிறுத்திவிட்டேன். எங்கள் கிரிவல ஊரின் செங்கம் ரோட்டில் அப்படியெல்லாம் பனி பெய்யாது. ஒரே கடையும் இல்லை. ஆசிரமத்துக்கு முன்னும் பின்னும் நடந்தால் சூப்பர்மார்க்கெட்டுகளாகவே இருக்கும். அதில் ஒன்றில் நான் பில் போடுகிறேன்.)

இரண்டாவது வரைவு:

மெஹ்ஜபீன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு

(இதையும் விட்டுவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காதோ என்னவோ.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அழகாக எழுதும் மனநிலையில் நான் இல்லை.

2

எங்கள் கடைக் கதவருகே ஒரு ரேக் இருக்கிறது. அதற்குப் பச்சை பெயின்ட் அடித்து, மேலே ‘வீகன்’ என்று பலகை மாட்டியவர் முதலாளி ஆதிமூலம். வாடகைக்கு அறை எடுத்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். புதிதாக எதையும் வாங்க வேண்டாம், கடையில் இருப்பதையே எடுத்து வை என்று மெஹ்ஜபீனிடம் சொன்னார். பொருள் அடுக்குவது அவள் வேலை.

அவள் வைத்தாள். பொரி, அவல், கடலை மிட்டாய், எள்ளுருண்டை, சேமியா, வற்றல், ஊறுகாய். இவை எதிலும் என்றைக்குமே பால் இருந்ததில்லை. கீழ்பென்னாத்தூர்க் கடலையில் செய்த மிட்டாய், தான் வீகன் என்று தெரியாமலே இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது. கடையின் உள்வரிசையில் இருந்தபோது அதற்கு ஒரு விலை. கதவருகே வந்ததும் வேறு விலை.

ஆனால் விற்றது விலைச்சீட்டால் அல்ல, அவளால். சணல் கயிறு கட்டி, கூடைகளில் பிரித்து வைத்து, வருகிறவர்களிடம் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுவாள். “இதான் மேடம் எங்க ஊரு எனர்ஜி பார்” என்று கடலை மிட்டாயை நீட்டும்போது யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

விற்க விற்க ரேக்கில் இடம் காலியானது. ஆதிமூலம் அவளிடம் சொன்னார்:

“இன்னும் நெறைய வெய்யிம்மா. பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கா பாரு. இருந்தா அடுக்கிடு. வீகன்னா சைவந்தான், பேருதான் ஃபாரின்.”

பில் கவுன்டரில் எனக்கும் கேட்டது. சரியென்றே பட்டது.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: வெளியூர்க்காரர்கள் இதை நம்பமாட்டார்கள். குடம் குடமாகப் பாலைச் சாமிக்கு ஊற்றுகிற ஊர் இது. இங்கே பாலைவிடச் சைவமான பொருள் எது? ஒருவர் பாலும் நெய்யும் வேண்டாம் என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நினைப்போம்.)

பாலே கூடாத அந்த ரேக்குக்குப் பால் பவுடர் கலந்த ரஸ்க் வந்தது இப்படித்தான்.

3

கீதாஞ்சலி சென்னைக்காரர். பின்தெருவில் அறை எடுத்திருந்தார். போன வாரம் ஒரு காலையில் ரஸ்க் பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

“இதுல மில்க் சாலிட்ஸ்னு போட்டிருக்குங்க. வீகன்னு நம்பி தினம் இதத்தான் சாப்டுட்டு இருக்கேன்.”

(இவரைக் கேலியாக எழுதுவது எளிது. யோகா பாய், செம்புத் தண்ணீர் பாட்டில். ஒரு வரைவில் செய்தும் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது நியாயம். தான் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒன்றை, பொய்ப் பலகை மாட்டி அவர் வாயில் வைத்தோம்.)

‘மன்னிச்சிடுங்க, நான்தான் தெரியாம அடுக்கச் சொன்னேன்.’ முதலாளி சொல்லியிருந்தால் இந்த ஒரு வரியோடு கதை முடிந்திருக்கும். ஆதிமூலம் கல்லாவிலிருந்து எழுந்து வந்து சொன்னது வேறு:

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அடுக்குறது பாய் வீட்டுப் பொண்ணு. கவுச்சி புழங்குற வீடு. சைவத்துல இவ்ளோ நுணுக்கம் இருக்குன்னு, பாவம், அதுக்குத் தெரியாது.”

மெஹ்ஜபீன் பக்கத்திலேயே, கையில் அவல் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஓ” என்றார் கீதாஞ்சலி.

அவ்வளவுதான். அந்த ‘ஓ’வில் வெறுப்பு இல்லை. விஷயம் விளங்கிவிட்ட நிம்மதி இருந்தது. கணக்கு நேராகிவிட்டது போல. வெறுப்பாக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நிம்மதியோடு எப்படிச் சண்டை போடுவது?

அவர் போனதும் முதலாளியிடம் கேட்டேன். “பச்சைப் புள்ளிய பாத்து அடுக்கச் சொன்னது நீங்கதான சார்?”

“கஸ்டமர்கிட்ட நின்னு அதெல்லாம் விளக்க முடியுமா? யார் மேலயாச்சும் போட்டு அனுப்பிடணும். நீ கத எழுதுற பொண்ணு மதிவதனி, உனக்கு வியாபாரம் புரியாது.”

அன்றைக்கே மெஹ்ஜபீனைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். பினாயில், துடைப்பம், எலிமருந்து. சாப்பிடும் பொருளைத் தொடாதே என்று அவர் சொல்லவில்லை. “கொஞ்ச நாளைக்கு” என்று மட்டும் சொன்னார்.

4

ஆதிமூலத்தை எழுதுவதுதான் சிக்கல். ஒரு வரைவில் முறுக்கு மீசை வைத்தேன். இன்னொன்றில் குரலை உயர்த்த வைத்தேன். இரண்டும் அவர் இல்லை. மெஹ்ஜபீனின் அப்பா காசிம் மயங்கி விழுந்தபோது தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர். ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பிரியாணி வந்தால் எங்களுக்கெல்லாம் முன்னால் கை கழுவிவிட்டு உட்காருகிறவர்.

[இந்தப் பத்தியை அடித்துவிடலாமா? அடித்தால் கதை கூர்மையாகும். விட்டால் யாராவது ‘நல்ல மனுஷன்தான், ஏதோ வாய் தவறி’ என்று தொடங்குவார்கள். அடிக்கவில்லை. வாய் தவறவில்லை. அந்தப் பிரியாணியைத் தின்ற வாய், தான் தப்பிக்க எந்தச் சொல் போதும் என்று சரியாகத் தெரிந்து சொன்னது.]

5

நாளை பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் வரும். மெஹ்ஜபீன் கடைசி வரிசைக்குப் போனதிலிருந்து பச்சை ரேக்கில் வியாபாரம் படுத்துவிட்டது. இன்று மாலை முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

“நாளைலேர்ந்து உன் ரேக்குக்கே வந்துடும்மா. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்.”

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

“ஒரே ஒரு விஷயம்.” மேசை இழுப்பறையைத் திறந்து, சட்டையில் குத்துகிற பெயர் பேட்ஜ் ஒன்றை எடுத்து வைத்தார். ரேவதி என்று அச்சடித்திருந்தது. “கடைக்குள்ள மட்டும். வர்றவங்க சங்கடப்படாம வாங்கிட்டுப் போவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இஷ்டமில்லன்னா பினாயில் பக்கமே இரு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.”

ஆட்களுக்குப் பெயர் வைப்பது கதை எழுதுகிறவர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். அவர் என்னை முந்திக்கொண்டார். கடலை மிட்டாய்க்குக்கூட ‘வீகன்’ என்ற புதுப்பெயரைப் பக்கத்தில்தான் ஒட்டினார். பழைய பெயரைப் பிடுங்கவில்லை.

6

கடை மூடியதும் எதிரே டீக்கடையில் நின்றோம்.

“ரேவதின்னு யாராச்சும் கூப்ட்டா நான் திரும்பவே மாட்டேன்டி. செவிடுன்னு நெனச்சிக்குவாங்க. அப்புறம் அதுக்கும் ஒரு பேட்ஜ் அடிப்பாரு” என்றாள் மெஹ்ஜபீன்.

“அவர் மூஞ்சிலயே விட்டெறிஞ்சிட்டு வாடி.”

“நீயும் வா. ரெண்டு பேரும் வேலைய விட்டுட்டு உன் புக்கு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுச் சாப்டலாம்.”

“வீட்ல சொன்னியா?”

“அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். பேருதான, வீட்டுக்கு வந்தா கழட்டிடலாம்னாங்க. சொல்லிட்டு கட் பண்ணிட்டாங்க. எங்கம்மா என்னிக்கும் மொதல்ல கட் பண்ண மாட்டாங்க.”

டீ ஆறிக்கொண்டிருந்தது.

“அந்த ரேக்கு நான் உண்டாக்குனது மதி. வேற யாராச்சும் அங்க நின்னா வயிறு எரியும். ரேவதியா நானே நின்னாலும் எரியும்.”

எழுதிவைத்திருந்த முடிவுகளைக் கைபேசியில் காட்டினேன்.

முடிவு ஒன்று: எல்லார் முன்னாலும் பேட்ஜை உடைத்துப் போடுகிறாள்.

“ஐயே, சினிமா.”

முடிவு இரண்டு: ஆதிமூலம் மனம் மாறி மன்னிப்புக் கேட்கிறார்.

“எதுக்குன்னு கேப்பாரு? நமக்கு நல்லது பண்ணிட்டதா அவர் நிம்மதியா தூங்குறாரு.”

முடிவு மூன்று: அணிந்துகொள்கிறாள். கண்ணாடிக் கதவில் தன் உருவத்தை

“இத எழுதாத.”

“ஏன்?”

“நீ எழுதிட்டா, நாளைக்கு அத மாட்டுறப்ப எனக்கு அது சாதாரணமா ஆயிடும்.”

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பேட்ஜ் அவள் கைப்பையில் இருந்தது. ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

7

அதனால் அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. வேறு முடிவும் எழுதப்போவதில்லை.

மலையைச் சுற்றி வந்த கால்வலியோடு நீங்கள் எங்கள் கடைக்குள் நுழையக்கூடும். கதவருகே அவல் வாங்குவீர்கள், பொரி வாங்குவீர்கள். எதிரே நிற்கிற பெண்ணின் சட்டையை ஒருமுறை பார்ப்பீர்கள்.

அந்தப் பேட்ஜ் ஆதிமூலத்துக்காக அடித்தது அல்ல. அவருக்கு மெஹ்ஜபீன் என்று கூப்பிட்டே பழக்கம். எனக்காகவும் அல்ல. அது உங்களுக்காக அடித்தது. அவள் பெயரை வாசித்தால் நீங்கள் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுவீர்கள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அச்சடிக்கக் கொடுக்கும்போது அவர் மனதில் இருந்த முகம் உங்களுடையது.

இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து அவர்மேல் கோபப்பட்டீர்கள். இருக்கட்டும். உங்களைப் பற்றி அவர் நினைத்தது சரியா, தப்பா?

என்னிடம் சொல்ல வேண்டாம். வந்து அவளிடம் சொல்லுங்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாருங்கள், அவள் பேட்ஜைக் குத்திக்கொள்வதற்கு முன்னால்.